மகன் படித்த எண்

எனக்குப் பிறவியிலேயே பச்சையும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்துத் தக்காளியில் எது பழம், எது காய் என்று என் மனைவிதான் சொல்வாள். பஸ் டிரைவர் ஆகும் என் ஆசை கண் பரிசோதனையோடு முடிந்துபோனது.

போன வருடம் என் மகன் ரயில் ஓட்டுநர் தேர்வில் தேறினான். பாக்கி இருந்தது கண் பரிசோதனை மட்டுமே. என் குறை அவனுக்கும் வந்திருக்குமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தேனியில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் அவனை அழைத்துப் போனேன்.

"என்னால இவன் வேலை போயிருமோன்னு பயமா இருக்கும்மா," என்றேன்.

"உங்ககிட்ட இருந்து இவருக்கு வராதுங்கய்யா. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. மகனுக்கு அப்பா கொடுக்கிறது ஒய் மட்டுந்தான். எக்ஸ் அம்மாகிட்ட இருந்து வரும்."

பிறகு வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஓர் அட்டையை அவனிடம் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன.

"எழுபத்துமூணு," என்றான் மகன். அடுத்தடுத்த அட்டைகளிலும் தயங்காமல் எண்ணைச் சொன்னான். டாக்டரம்மா சிரித்தபடி தலையசைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் செய்தேன்.

"அவனுக்கு ஒரு குறையும் இல்லையாம். கண்ணு உன் பக்கத்துல இருந்து வந்துருக்குன்னு டாக்டரம்மா சொன்னாக."

"நல்லதெல்லாம் எங்க பக்கந்தான்," என்று சிரித்தாள்.

பிள்ளை தன்னைப்போல் இருக்க வேண்டும் என்றுதான் எல்லா அப்பனும் ஆசைப்படுவான். என் மகன் என்னைப்போல் இல்லை என்று நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.