நிற்க வேண்டிய ஆழத்தில் நின்ற கதிர்

பஜனைக்கு வரும் பிள்ளைகளே, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பங்குனியில் பருத்தி எடுக்கக் குனிந்த என் மனைவி செல்லத்தாய் நிமிர முடியாமல் அழுதாள். மதுரையில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் புற்றுக்கட்டி. அறுத்து எடுத்தால் நடமாட்டம் போகலாம் என்றார்கள். கழுகுமலைக்கு பஸ் ஏறினேன். முருகன் முன்னால் நின்றேன். "அவ நடக்கணும், முருகா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது அவளைப் பார்க்கும் டாக்டரம்மா வேறொரு வழி சொன்னார். கன அயனிக் கதிர் சிகிச்சை.

"சாதாரணக் கதிர் கட்டியத் தாண்டியும் போகும், அண்ணாச்சி. இது குறிச்ச ஆழத்துல பலத்தையெல்லாம் இறக்கிட்டு நின்னுரும். எல்லாப் புத்துக்கும் ஆகாது. இவியளுக்கு ஆகும்னு நினைக்கேன். ஆனா நம்ம நாட்டுல இன்னும் வரல. ஜப்பான்ல இருக்கு."

"நாங்க விதைக்கிற கலப்பை மாதிரியா? ஆழம் வச்சுட்டா அதுக்கு மேல இறங்காது."

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க" என்று சிரித்தார்.

படங்களை ஜப்பானுக்கு அனுப்பினோம். பதில் வருகிற வரை நான் நானாக இல்லை. கிருத்திகை அன்று கோயிலில் நிற்கும்போது மச்சினன் போன் செய்தான். "அத்தான், அக்காவ வரச் சொல்லுதாங்க!" அங்கேயே விழுந்து கும்பிட்டேன். செலவுக்குக் கிழக்குப் புஞ்சையை விற்றோம். ஆனியில் அவளும் அவள் தம்பியும் விமானம் ஏறினார்கள். "கதிர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கட்டும், முருகா" என்று ஊரிலிருந்து தினமும் வேண்டினேன்.

சிகிச்சை முடிந்து ஆவணியில் திரும்பினாள். கட்டி அப்படியேதான் இருந்தது. "உடனே தெரியாது, மாசக்கணக்குல பொறுக்கணும்" என்றார் டாக்டரம்மா. எனக்கா பொறுமை? விடிந்ததும் "வலிக்கா?" சாப்பிடும்போது "வலிக்கா?"

புரட்டாசியில், மழைக்கு முன்னாலேயே, காய்ந்த கரிசலில் சோளம் விதைத்தோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆழமாகப் போட்ட விதை நல்ல மழைக்குத்தான் எழும்பும். மழை தள்ளிப்போனது. நானோ தினமும் விரலால் கிண்டி விதையை எடுத்துப் பார்த்தேன். கிண்டிய இடத்தில் எறும்பு ஏறியது. செல்லத்தாய் வரப்பில் நின்று பார்த்துவிட்டாள்.

"ஏங்க, விதையையும் விட மாட்டேங்குதீங்க, என்னையும் விட மாட்டேங்குதீங்க. ரெண்டையும் முருகன்ட்ட குடுத்தாச்சுல்லா? பெறகு என்னத்தக் கிண்டுதீங்க?"

வெட்கமாகிவிட்டது. மண்ணைத் தள்ளி மூடினேன். அதற்கப்புறம் "வலிக்கா" என்று வாயில் வந்தால் "முருகா" என்று மாற்றிக்கொண்டேன்.

ஐப்பசியில் மழை இறங்கியது. சோளம் எழும்பியது, நான் கிண்டிய இடம் தவிர. தையில் எடுத்த படத்தில் கட்டி வளரவில்லை; கொஞ்சம் சுருங்கியிருந்தது. அப்புறம் எடுத்த படத்தில் இன்னும் சுருக்கம். முழுசாகப் போகவில்லை, இன்னும் பரிசோதனைக்குப் போய் வருகிறோம். ஆனால் நடக்கிறாள், பிள்ளைகளே, நடக்கிறாள்!

உடம்புக்கு ஒன்று என்றால் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். முருகனிடமும் சொல்லுங்கள். சொன்ன பிறகு கிண்டாதீர்கள். மாதக் கிருத்திகைக்கு நாங்கள் மலையைச் சுற்றுகிறோம். "வேகமா வாங்க, நடை சாத்திருவாங்க" என்று எனக்கு முன்னால் போகிறாள். வரும் கிருத்திகைக்கு நீங்களும் வாருங்கள், அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.