பொட்டலத்தில் உப்பு

டாக்டர் நேற்று எனக்கும் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். இன்று அம்மா வைத்த உப்பில்லாத ரசம் நாக்கில் பட்டதும், இருங்காட்டுக்கோட்டை வாடகை வீடு கண்முன் வந்து நின்றது.

அங்கே கம்பெனிகள் வந்த புதிது. அப்பா ஒன்றில் வெல்டர். அவருக்கு பிரஷர் என்று தெரிந்ததும் அம்மா உப்பு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அப்பா தட்டைத் தள்ளுவார். நான் வாய் திறந்தாலே அவரிடம் அடி விழும்.

ஒரு மாதத்தில் ஆளே மாறிவிட்டார். குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நாக்கு பழகிகிச்சு பாரு" என்று அம்மா பூரித்தாள்.

உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். கேன்டீன் உப்பைப் பொட்டலமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியதும் சோற்றில் தூவிக்கொள்வார். "அம்மாகிட்ட சொல்லிடாத கண்ணு" என்று என் கொய்யாத் துண்டிலும் ஒரு சிட்டிகை தூவுவார். சிரிக்கிற அப்பா எனக்கு வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

ஒருநாள் வேலையிலேயே மயங்கி விழுந்தவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் சட்டையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியாதும்மா."

இன்று நான் கிண்ணத்தைக் காலி செய்ததும் அம்மா என்னை உற்றுப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"பையில எதுனா வச்சிக்கினு கீறியா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை.