மூலையில் விழாத வெளிச்சம்

அந்தப் பெண்மணி சிம்பாங் ரெங்கம் ஊரிலிருந்து பழைய வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு, அச்சு மெஷின்கள் விற்கும் எங்கள் கடைக்கு வந்தார். வீட்டிலேயே டீ-சட்டைகளுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர். நகக்கண்களில் பச்சை மை. எதைக் கையில் எடுத்தாலும் அதன் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்.

ஸ்கிரீனில் எழுத்துப் பதிய ஒளி காட்டும் எல்இடி மெஷின் வேண்டும் என்றார். நான் பெரியதைக் காட்டினேன்.

“மூலையிலயும் நடுவுல மாதிரியே லைட் விழுமாண்ணே?”

“ஒரே மாதிரிதான் லா, கவலப்படாதீங்க.”

ஒளி பட்டால் இறுகும் மருந்து பூசிய இரண்டு ஸ்கிரீன்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பின்னறை மங்கலில் ஒன்றைப் பிரித்து, நடுவிலும் மூலைகளிலும் பொடி எழுத்துள்ள பிலிமை வைத்து, மெஷினை ஓடவிட்டார். பிறகு தொட்டியில் கழுவினார். நடுவில் எழுத்துகள் துல்லியமாக நின்றன. மூலைகளில் ஒளி போதாமல் மருந்து இறுகவில்லை. எழுத்தோடு சேர்ந்து வழிந்துவிட்டது.

என் முதலாளி கதவருகே நின்றிருந்தார். அந்தப் பெண்மணி அவரைப் பார்த்தார், பிறகு என்னை.

“புது மெஷின்தானே, உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுல்லண்ணே,” என்றார்.

போன மாதம் இதே குறைக்காக ஒருவர் திருப்பிக் கொடுத்த மெஷின் அது. துடைத்து மறுபடி அடுக்கியவன் நான்தான்.

“தெரியாதுங்க,” என்றேன்.

அந்தப் பெண்மணி தலையாட்டினார். தொட்டியில் ஒட்டியிருந்த மருந்தைத் தேய்த்துக் கழுவினார். இன்னொரு ஸ்கிரீனைச் சின்ன மெஷினில் வைத்துச் சோதித்து, அதையே வாங்கிக்கொண்டு போனார். அதன் மூலைகளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.