துணி என்று வந்த பை

1. சேர்ந்த அன்றே

ஒரகடம் வட்டாரத்தில், மண்ணூர் பக்கம், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் 2008-ல் ஃபெசிலிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஃபெசிலிட்டி என்றால் என்ன வேலை என்று இப்போது சேரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேன்டீன், கழிவறை, தோட்டம், குப்பை. கம்பெனியில் வேறு யாரும் தன் வேலை என்று சொல்லாத எல்லாம் நம் வேலை.

சேர்ந்த அன்று நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "மேடம், ஒரு அம்மா மாட்டை இட்டாந்து கேட்டாண்ட நின்னுகினு போவ மாட்டேன்னுது. லாரி உள்ள வர முடியல."

போய்ப் பார்த்தேன். மாட்டின் இடது பக்கம் பானை போல உப்பியிருந்தது. வாயில் நுரை. கயிற்றைப் பிடித்திருந்தவர் பெயர் கன்னியம்மா, பக்கத்து ஊர்க்காரர். "உங்க குப்பையைத் துன்னுதான் இப்படி ஆயிருச்சு. டாக்டரை இட்டாங்க. இல்ல, இங்கயே சாவட்டும்" என்றார்.

மாடு எதையாவது தின்றிருக்கும், எங்கள் மேல் பழி போடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். இருந்தாலும் மேலே கேட்டு, கால்நடை டாக்டரை வரவழைத்தேன். கம்பெனி மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாட்டை நிறுத்தி, மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவில் கத்தி வைத்தார். முழங்கை வரை நீளக் கையுறை மாட்டிய கையை உள்ளே விட்டார்.

புல் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு மாதிரி ஒன்று வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கேரி பேக்குகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, சாணி நிறத்தில், தலையணை அளவு உருண்டையாக. முழுதாக வெளியே வராததால் டாக்டர் அதை உள்ளேயே வெட்டி வெட்டி எடுத்தார். அதில் ஒரு பை கட்டிய முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. எங்கள் கேன்டீனில் ஓவர்டைம் பார்ப்பவர்களுக்கு வடை, பஜ்ஜி போட்டுக் கட்டிக் கொடுக்கும் மெல்லிய வெள்ளைப் பை. மீதியைப் பையோடு முடிந்து எறிகிறார்கள். மாட்டுக்கு உப்பு வாசனை தெரிகிறது, முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை. பையோடு விழுங்கியிருக்கிறது.

கன்னியம்மா அந்தக் குவியலையே பார்த்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, "உங்க கம்பெனியே என் மாட்டு வயித்துல கீதேம்மா" என்றார்.

மாடு பிழைத்துக்கொண்டது.

2. காகிதம்

பிளான்ட் ஹெட் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் கேரி பேக் கூடாது என்று உடனே உத்தரவு போட்டார். பதிலுக்குப் பழுப்புக் காகிதப் பை வந்தது. நோட்டீஸ் போர்டில் இலை படம் போட்டு அறிவிப்பு ஒட்டினோம்.

மழைக்காலம் வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடும்போது ஒட்டிய பசை மழையில் ஊறி, பை அடியோடு கழன்று, வடை சேற்றில் விழும். ஒன்றுக்கு இரண்டாகப் பை கேட்டார்கள். கொடுத்தோம். குப்பை முன்பைவிட அதிகமாகச் சேர்ந்தது. இதில் ஒரே ஆறுதல், காகிதம்தானே, பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார் என்பது.

அவரோ ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது வேணாம் மேடம்" என்றார்.

"ஏன்? எண்ணெய்யா?"

"எண்ணெய்யும் கீது. அதோட உள்ள பாருங்க." ஒரு பையைக் கிழித்தார். காகிதம் கிழிந்தது, ஆனால் இரண்டு துண்டும் பிரியவில்லை. நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் நீண்டுகொண்டே வந்தது. பிளாஸ்டிக்.

பை செய்பவருக்குப் போன் போட்டேன். "லேமினேஷன் மேடம். அது இல்லாம எண்ணெய்ப் பலகாரம் எப்படித் தாங்கும்? நீங்கதானே எண்ணெய் ஊறாத பை கேட்டீங்க" என்றார். ஊறாத பை நாங்கள் கேட்டது உண்மைதான். அப்படிக் கேட்டால் காகிதத்தோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காகிதமாகவும் போடமுடியாது, பிளாஸ்டிக்காகவும் போடமுடியாது. முன்பு ஒரு குப்பை. இப்போது இரண்டையும் ஒட்டி வைத்த குப்பை.

3. முருகேசனின் கை

அடுத்து வந்தது பச்சை நிறத் துணிப்பை. அப்படித்தான் எல்லோரும் சொன்னோம். தொட்டால் துணி. தூக்கிப் பார்த்தால் லேசு. மேலே 'துணிப்பை எடுப்போம், பூமியைக் காப்போம்' என்று அச்சு. ஆளுக்கு ஒன்று கொடுத்து எம்.டி. கையால் விழா நடந்தது. டிபன் பாக்ஸை அதில் போட்டுக்கொண்டு எல்லோரும் லைனுக்கு வந்தார்கள்.

வெல்ட் ஷாப்பில் முருகேசன் என்று ஒரு பையன். கோவில்பட்டிப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து காண்டிராக்டில் வந்தவன். குன்றத்தூரில் நான்கைந்து பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். தங்கை கல்யாணத்துக்குள் பர்மனென்ட் ஆகிவிடவேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவான்.

அன்று குடிநீர் டேங்க் பார்க்க வெல்ட் ஷாப் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது. திரும்பினால், முருகேசன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தான். தோல் கையுறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அவன் கையுறையின் உள்ளங்கையில் ஓட்டை. காலையிலேயே வேறு கேட்டிருக்கிறான். ஸ்டாக் மதியம் வரும் என்று ஸ்டோர்ஸில் சொல்லிவிட்டார்கள். லைன் நிற்கக்கூடாதே என்று, தன் துணிப்பையை நான்காக மடித்து ஓட்டைக்கு அடை கொடுத்து கையுறைக்குள் வைத்துக்கொண்டான். வீட்டில் சூடான பாத்திரத்தைக் கரித்துணி வைத்துத் தூக்குவது போல. அப்போதுதான் வெல்ட் ஆன இரும்பு பிராக்கெட், அதை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரில் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தான்.

துணியாக இருந்தால் கொஞ்சம் கருகியிருக்கும். கையை உதறினால் கையுறையோடு விழுந்திருக்கும். இது உருகி, கையுறைக்குள்ளேயே உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

பக்கத்து மிஷின்காரர் கையுறையை உருவப் போனார். முதலுதவி அறையிலிருந்து ஓடிவந்த நர்ஸ் ஸ்டெல்லா, "இழுக்காதீங்க! தோலு வந்துரும்!" என்று கத்தினார். கையைக் குழாய்க்கு அடியில் பிடிக்க வைத்து, கத்தரிக்கோலால் கையுறையைச் சுற்றிலும் நறுக்கினார். உள்ளே கை தெரிந்தது. பச்சையாக. பெயின்ட் ஊற்றிக் காய்ந்தது போல, விரலிடுக்கு வரை. 'பூமி' என்ற எழுத்தில் பாதி அவன் கட்டைவிரல் மேட்டில் ஒட்டியிருந்தது.

"யக்கா, துணின்னுலா நெனச்சேன்" என்றான். மேடம் என்று கூப்பிடுகிறவன். "துணி ஒட்டுமாக்கா?"

ஆம்புலன்ஸில் ஏற்றியபிறகு ஸ்டெல்லா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் நெறைய தீக்காயம் பாத்திருக்கேன். துணி எரிஞ்சா இப்படி ஒட்டாது. என்னத்தைக் குடுத்தீங்க அவங்களுக்கு?"

பை சப்ளையரைக் கூப்பிட்டேன். அவர் குரலில் பதற்றமே இல்லை. "நான்-ஓவன் மேடம், நெய்யாதது. பாலி ப்ரொப்பிலீன். பிளாஸ்டிக்கை இழையா இழுத்து, சூடு பண்ணி அழுத்தினா இப்படி வரும். நான் முதல்ல இருந்து நான்-ஓவன்னுதான் சொன்னேன். துணின்னு சொன்னது உங்க ஆளுங்க."

"அப்ப மேல அச்சடிச்சிருக்கே?"

"நீங்க அனுப்பின வாசகம் மேடம்."

போனை வைத்துவிட்டு அந்தப் பையைக் கையில் எடுத்தேன். மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்ததும் பிளாஸ்டிக். அதை ஒழித்துவிட்டதாக விழா எடுத்துக் கொடுத்ததும் பிளாஸ்டிக்.

4. மெமோ

மறுநாள் விசாரணைக் கூட்டம். புரொடக்‌ஷன் மேனேஜர் சேகர் சார் முன்பே முடிவோடு வந்திருந்தார். "பாதுகாப்புக்குக் குடுத்த பி.பி.இ. தவிர வேற பொருளை யூஸ் பண்ணது ஆபரேட்டர் தப்பு. நெக்லிஜென்ஸ். மெமோ குடுத்து காண்டிராக்டரை ஆள் மாத்தச் சொல்லிடலாம்."

ஆள் மாற்றுவது என்றால் முருகேசன் கட்டுப்போட்ட கையோடு ஊருக்கு பஸ் ஏறவேண்டும்.

"சார், ஒரு நிமிஷம் எல்லாரும் வெளிய வரமுடியுமா?" என்று கேட்டேன். கூட்ட அறையில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது என் பிரிவே போட்ட விதி. திறந்தவெளியில் மணல் வாளி இருக்கும் இடத்தில் நிற்கவைத்தேன். லைனில் மிஷின் துடைக்கும் பருத்தித் துணியில் ஒரு துண்டை இடுக்கியால் பிடித்துப் பற்றவைத்தேன். காகிதம் எரியும் வாசனை. சாம்பலாகி உதிர்ந்தது. பிறகு எங்கள் பச்சைப் பையில் ஒரு துண்டு. அது எரிவதற்கு முன்பே சுருங்கியது. மெழுகு போல் சொட்டியது. சொட்டு மணலில் விழுந்தும் அணையாமல் எரிந்தது.

பிளான்ட் ஹெட் கையிலேயே டிபன் பாக்ஸோடு அந்தப் பை இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதைத் துணின்னு நாமதானே சொன்னோம் வசந்தி?"

"ஆமா சார். கையுறை மதியம் வரும்னு சொன்னதும் நாமதான்."

சேகர் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிளான்ட் ஹெட் கையைக் காட்டி நிறுத்தினார். மெமோ எழுதப்படவில்லை. அன்று மாலைக்குள் வெல்ட் ஷாப்பில் அந்தப் பை ஒன்றுகூட விடாமல் சேகரித்தோம். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றது. முருகேசனின் இரண்டு விரல் முழுதாக மடங்காமல் போய்விட்டது. அவனை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பர்மனென்ட் ஆனான், ஆனால் தங்கை கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

5. ரூமில் பார்த்தது

அவன் கை ஆறிக்கொண்டிருந்தபோது பார்க்கக் குன்றத்தூர் போனேன். அதற்குள் கம்பெனியில் அசல் பருத்திப் பை கொடுத்துவிட்டார்கள். இந்தமுறை நானே எரித்துப் பார்த்துத்தான் ஆர்டர் போகச் சொன்னேன். ஒருவழியாகச் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற திருப்தி எனக்கு.

ரூம் வாசலில் கால்மிதியாகக் கிடந்தது எங்கள் புதுப் பருத்திப் பை. ஜன்னல் இடுக்கில் மழைச்சாரலுக்கு இன்னொன்று. கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை நிறையப் பைகள்: நகைக்கடைப் பை, கல்யாணத் தாம்பூலப் பை, பக்கத்துக் கம்பெனிகளில் கொடுத்த பை. மடிப்புக் கலையாதவையே அதிகம்.

"எல்லாரும் குடுக்காங்க யக்கா. எத்தனையத்தான் தூக்க?" என்றான் முருகேசன்.

பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், சாயம் போட இன்னும் தண்ணீர் வேண்டும். மெல்லிய கேரி பேக்கைவிடப் பல மடங்கு செலவில் பூமியிலிருந்து எடுத்த பொருள் அது. திரும்பத் திரும்பத் தூக்கினால்தான் அந்தச் செலவு கழியும். கால்மிதியாகப் போட்டால், கேரி பேக்கைவிட மோசம். பிளாஸ்டிக், காகிதம், போலித் துணி, அசல் துணி என்று நான்கையும் பார்த்தாயிற்று. நான்கையும் நாங்கள் ஒரே மாதிரிதான் பாழடித்தோம்.

திரும்பி வந்ததும் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கேன்டீனிலேயே கொடுக்க ஏற்பாடு செய்தேன். பை கொடுப்பதே நின்றது.

6. போட்டோ

அடுத்த சுற்றுச்சூழல் தினத்துக்கு முன் பிளான்ட் ஹெட் கூப்பிட்டார். "இந்த வருஷம் எந்தப் பை குடுக்கலாம்? சணல்?"

"எதுவும் வேணாம் சார்."

"அப்ப போட்டோவுக்கு எல்லாரும் கையில என்னத்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க?"

தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

"வீட்ல இருக்கிற பையைக் கொண்டுவரச் சொல்லுங்க சார். தினம் தூக்குற பையை."

கொண்டுவந்தார்கள். ஒயர் கூடை, அரிசிப் பையைத் தைத்த பை, பழைய பேன்ட் துணிப் பை. முன்வரிசையில் டூல் ரூம் ஏழுமலை. அவர் கையில் ஜவுளிக்கடையில் கொடுத்த தடித்த பிளாஸ்டிக் பை. காது அறுந்த இடத்தில் நைலான் நூலால் தைத்திருந்தார். கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அதில்தான் சாப்பாடு கொண்டுவருகிறாராம். அந்த வரிசையில் அதிகம் உழைத்த பை அதுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து போட்டோ திரும்பி வந்தது. முன்வரிசையில் பிளாஸ்டிக் தெரிகிறது, அவரை நீக்கிவிட்டு மறுபடி எடுக்கவும், தேவையானால் புதுத் துணிப்பைகள் வாங்கிக்கொள்ளவும் என்று குறிப்பு.

நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. பிளான்ட் ஹெட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்களிடமும் யாராவது ஒரு பையை நீட்டி, இது நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள். பையை மட்டும் பார்த்து பதில் சொல்லிவிடாதீர்கள். இதை நாளைக்கும் தூக்குவீர்களா என்று அவரைக் கேளுங்கள்.