ஊரே பார்த்த நெஞ்சுப் படம்

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு லாசர் அண்ணனைப் பார்க்கப் போனேன். கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் அவர், எங்கள் தெருக்காரர். வாசலில் ஒரே கூட்டம். நடுவில் அவருடைய மைத்துனன் சேவியர், ஒரு எக்ஸ்ரே படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

யாருடைய படம்? லாசர் அண்ணனுடையதுதான்.

மளிகைக்கடை அண்ணாச்சி பார்த்தார். பக்கத்து வீட்டு டீச்சர் பார்த்தார். "இங்கன சுருங்கிக் கெடக்கு பாரும்" என்று ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். பார்க்காத ஒரே ஆள்... உள்ளே உட்கார்ந்து கஞ்சியை மடக்கு மடக்காக இறக்கிக்கொண்டிருந்த லாசர் அண்ணன்!

சில மாதங்களாகவே அவருக்குச் சோறு நெஞ்சில் நிற்கிறது. கடற்கரைக்காரர்களுக்குத் தொண்டையில் எது சிக்கினாலும் மீன்முள்தானே? "சோத்து உருண்டைய மெல்லாம முழுங்கும், முள்ளு எறங்கிரும்" என்றார்கள். விழுங்கினார். வாழைப்பழம் என்றார்கள். அதையும் விழுங்கினார். கோயிலில் தொண்டைக்கு மெழுகுதிரி வைத்து மந்திரித்தும் ஆயிற்று. சோறு போய் குழைந்த சோறு, அதுவும் போய் கஞ்சி என்று ஆன பிறகுதான் ஆஸ்பத்திரி.

அங்கே பேரியம் என்ற வெள்ளைக் கூழைக் குடிக்க வைத்து, அது இறங்க இறங்கப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாயின் நடுவே அந்த வெள்ளை, நூலாக இளைத்துவிட்டது. டாக்டர் சேவியரைத் தனியே அழைத்தார்.

"புற்றுநோய் மாதிரி தெரியுது. நுரையீரலுக்குப் பரவியிருக்கான்னு மார்பைப் படம் எடுக்கணும். உள்ளே குழாய் விட்டுப் பார்க்கணும். எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஆபரேஷனா, கதிர்வீச்சுக் கரண்டு வைக்கிறதான்னு சொல்ல முடியும்."

சேவியர் என்ன செய்தான்? படத்தைக் கவரோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அத்தானிடம் "புண்ணு" என்று சொல்லிவிட்டான். அடுத்த படம்? ஒரு மாதமாகியும் எடுக்கவே இல்லை!

"ஏன்லே எடுக்கல?" என்று கேட்டேன்.

"திரும்பத் திரும்பப் படம் எடுத்தா அத்தானுக்குச் சந்தேகம் வந்துருமில்லா அண்ணாச்சி? தெரிஞ்சா மனசு விட்டுருவாரு. அக்காவும் அழுதா..."

எனக்கு வந்ததே கோபம்! தெருவுக்கெல்லாம் தெரியலாம், நோயாளிக்கு மட்டும் தெரியக்கூடாதாம். நோய் எதுவரை போயிருக்கிறது என்று தெரியாமல் எந்த டாக்டர் கத்தியைத் தொடுவார்? பரவாமல் இருந்தால் பிழைக்க ஒரு வழி உண்டு. அந்த வழியையும் அடைத்துவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைப்பதா? இது பாசம் என்றால் பகை எப்படி இருக்கும்? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

கத்தல் உள்ளே கேட்டுவிட்டது. லாசர் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"கொண்டாலே" என்று சேவியரிடம் கை நீட்டினார். வாங்கி, வெயிலில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார். அவர் மனைவி ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது புண்ணு இல்லன்னு எனக்கு எப்பமோ தெரியும். நான் கேட்டா நீங்க அழுவியளேன்னுதான் கேக்கல" என்றார். "நாளைக்குப் போயி, எடுக்கச் சொன்ன படத்த எடுப்போம்."

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். மார்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு... "சேவியர், கொஞ்சம் வெளியே வாங்க" என்றார்.

பார்த்தீர்களா? படித்தவருக்கும் அதே வியாதி!

லாசர் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "நோவு அவனுக்கா அய்யா? எனக்குல்லா? எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் தயங்கினார். உட்காரச் சொன்னார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னார். நுரையீரலுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. குழாய் விட்டுப் பார்த்தபின்தான் முடிவாகச் சொல்லலாம். ஆனாலும் மதுரைக்குப் போனால் ஆபரேஷனுக்கு வாய்ப்பு இருக்கிறது. சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கட்டி இன்னும் வளரும் முன்னே வந்திருந்தா நல்லா இருந்திருக்குமே. இந்தப் படத்தை அன்னைக்கே ஏன் எடுக்கலை?" என்று டாக்டர் கேட்டார்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா எடுத்திருப்பனே, அய்யா" என்றார் லாசர் அண்ணன்.

டாக்டர் மதுரைக்குச் சீட்டு எழுதி, இந்த முறை லாசர் அண்ணன் கையிலேயே கொடுத்தார். நீங்களாக இருந்தால் யார் கையில் கொடுத்திருப்பீர்கள்?