கறை அக்காவின் வக்கீல்

ஊரிலிருக்கும் ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்து சேரும். வந்ததும் முதலில் ஒருத்தியின் கண்ணில் பட்டாக வேண்டும். காப்பி எது, மை எது, உதட்டுச் சாயம் எது என்று பார்த்துப் பிரித்து, அதற்கான மருந்தைத் தடவி ஊறப்போடுவது அவள் வேலை. அதனால் கறை அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. விழுந்த பெயரை எடுக்க அவளிடமும் மருந்து கிடையாது.

அவளுடைய ஷிஃப்டு விடியும்போது தொடங்கிப் பிற்பகலில் முடியும். துணி மடிக்கும் பெண்களுக்கு மதியம் தொடங்கி ராத்திரி வரை. இரண்டு கூட்டமும் சாப்பாட்டு அறையில் அரை மணி நேரம் ஒன்றாக உட்காரும். அந்த அரை மணி நேரம் கறை அக்கா வைத்ததுதான் சட்டம். காரணம், எட்டு மணி சீரியல். அந்த நேரத்தில் மடிப்புக்காரிகள் விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவளோ வீட்டில் டிவி முன்னால் இருப்பாள். நேற்றைய கதையை அவள் வாயால் கேட்டால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

சும்மா சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை. மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். டம்ளரை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே மாமியார் வந்துவிட்டது தெரியும். வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடித்து வருஷக்கணக்காகிறது. மகன் ‘ம்’ என்பான். வீட்டுக்காரர் அந்தச் செலவுகூடச் செய்யமாட்டார். இங்கே மூச்சு வாங்க நிறுத்தினாலும் ‘அப்புறம்?’ என்று கேட்க ஆள் இருந்தது. அந்த ‘அப்புறம்’ ஒன்றுக்காகவே காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்திருக்கிறாள்.

மடிப்புக்காரிகளுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அவள் பார்த்ததெல்லாம் பாதிதான். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சீரியல் சரிபாதியில் இருக்கும்போது உள்ளே நுழைவார். கை கால் கழுவுவார். ஈரம் காய்வதற்குள் ரிமோட்டை எடுத்து நியூஸ் வைத்துவிடுவார். நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து கத்துகிற நியூஸ். பகலெல்லாம் ஹாரன் சத்தத்தில் வாழ்கிற மனுஷனுக்கு அது இல்லாமல் சாப்பாடு செல்லாது.

ஆக, மீதிக் கதையை அவளே கட்டினாள். மறுநாள் சீரியல் வேறு பக்கம் போய்விட்டால், “அது மருமக கண்ட கனவு” என்று ஒரே போடாகப் போடுவாள். கனவு அதிகமாகிவிட்டதென்று தோன்றினால், “அது பழசு, ஞாபகப்படுத்திக் காட்டினாங்க.” டிவியில் போனது போனதுதான், யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

அப்படித்தான் வக்கீல் பிறந்தார். ஒரு நாள் சீரியலில் வாசல் மணி அடித்தது. மருமகள் கதவருகே போனாள், தாழ்ப்பாளில் கை வைத்தாள். கதவு திறந்தபோது நியூஸ் வாசிக்கிறவர் நின்றார். மறுநாள் மதியம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: வாசலில் யார்? கறை அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் இறங்குவதற்குள் ஒல்லியாக ஒருத்தன் வந்து நின்றுவிட்டான். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைக்கிறவன், குரலை உயர்த்தாமலே மாமியாரை வியர்க்க வைக்கிறவன். அன்று வந்தவன் ஒன்றரை வருஷமாகியும் போகவில்லை. மடிப்புப் பிரிவை மேற்பார்வை பார்க்கிறவள், எல்லோருக்கும் அத்தை, தன் மகளுக்கு வந்த வரன்களை அவனோடு ஒப்பிட்டுத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்வேர்டு என்ற புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வினை வந்தது. கொழுந்தனுடைய கணக்கில் அவனுக்கே தெரியாமல் புகுந்து செல்ஃபோனில் படம் பார்க்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். சீரியல் மொத்தமும், முதல் நாளிலிருந்து, ஃபோனில் கிடக்கிறது என்றாள். சாப்பாட்டு அறையே எழுந்து அவளைச் சூழ்ந்தது. முதலில் என்ன பார்ப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. வக்கீல் வருகிற சீன்தான்.

கறை அக்காவுக்குக் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகும் வழி மறந்துபோயிற்று. அது எந்த மாசமோ, தேடுவது கஷ்டம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். பாஸ்வேர்டின் விரல் அதற்குள் மாசங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மணி அடித்தது. தாழ்ப்பாள். கதவு. வாசலில் தண்ணீர் கேன்காரன். கேனை இறக்கினான், காலிக் கேனை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

“வக்கீல் எங்கக்கா?” என்றாள் பாஸ்வேர்டு.

“ஃபோன்ல வெட்டிட்டாங்க போல.”

“ஒன்றரை வருஷத்தையுமா வெட்டுவாங்க?” என்றாள் அத்தை.

வேறு வழியில்லாமல் கறை அக்கா விஷயத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தை மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு நல்ல பையனுங்கள வேண்டாம்னு அனுப்பிட்டேனேடி” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

அன்று ராத்திரி நியூஸில் நாலு பேரும் டிவிக்கு இனி வாழ்வு உண்டா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாம் செல்ஃபோனுக்குப் போய்விடும், டிவி காட்சிப்பொருளாகிவிடும் என்று ஒருவர் மேசையைத் தட்டினார். கறை அக்கா முதல் முறையாக நியூஸைக் காது கொடுத்துக் கேட்டாள்.

“டிவி செத்துப்போச்சுன்னு சொல்லவும் டிவிக்குத்தான வந்திருக்கானுங்க” என்றார் வீட்டுக்காரர். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

அதன்பிறகு சாப்பாட்டு மேசை நடுவில் ஃபோன், ஒரு டிஃபன் டப்பாவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. கறை அக்கா கடைசி நாற்காலிக்குப் போய்விட்டாள். தன் சோறு தன் வாய் என்று சாப்பிட்டாள். அது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று அவளுக்கே ஆச்சரியம்.

ஒரு மதியம் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, இத்தனை காலம் தனக்குக் கிடைக்காத அந்தப் பிற்பாதியைப் பார்த்தாள். மருமகள் முகத்தை இடப்பக்கமிருந்து காட்டினார்கள். வலப்பக்கமிருந்து காட்டினார்கள். இடி இடித்தது. மாமியார் முகம். மறுபடி இடி. திரைச்சீலை ஆடியது. முடிந்துவிட்டது. இதற்குப் பயந்தா மருமகளின் கனவு என்று சொல்லிச் சமாளித்தோம் என்று அவளுக்குக் கோபமே வந்தது. அரைக் கறையை அப்படியே விட்டு மடித்து அனுப்பிய விரிப்பு மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்த வாரமே சீரியலில் மருமகளின் வீட்டை மாமியார் எழுதி வாங்கிக்கொண்ட வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. மருமகள் கூண்டில் நின்றாள். பத்திரத்தில் இருப்பது உன் கையெழுத்தா என்று கேட்டார்கள். அவள் அழுதாள். நீதிபதி இன்னொரு தேதி கொடுத்தார். அவள் படியிறங்கியும் அழுதாள்.

அத்தை தட்டைத் தள்ளி வைத்தாள். “வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை பேசுறாளா பாரு.” பிறகு கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “அவன் இருந்திருந்தா என்னடி கேட்டிருப்பான்?”

கறை அக்கா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள், விரலைத் துடைத்தாள். இல்லாத கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் நிதானமாகத் தேய்த்தாள்.

“‘அம்மா, ஒரே ஒரு சந்தேகம்’னான் மாமியாரப் பாத்து. குரலே ஒசத்தல. ‘இந்தப் பத்திரம் எழுதின அன்னிக்கு உங்க மருமக ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்களே, ட்ரிப்ஸ் ஏத்தின கையால எப்படிங்க கையெழுத்துப் போட்டாங்க?’”

நாற்காலிகள் இழுபட்டன. எல்லாம் இல்லை. ஃபோன் பக்கமே உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. மீதி எபிசோடு ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு யோசித்தாள். ஒரு காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்துவிட்டு மறு காதில் விட்டுவைத்தாள்.

“அப்புறம்?” என்றாள் அத்தை.

கறை அக்கா சொல்லச் சொல்ல மாமியார் டம்ளரைத் தேடினாள், நெற்றி வியர்த்தது, கோர்ட்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்போது பார்த்து பாஸ்வேர்டு குறுக்கே வந்தாள்.

“அக்கா, இங்க ஃபோன்ல மருமக மயங்கி விழுந்துட்டா.”

“விழட்டும்” என்றாள் கறை அக்கா. “எழுந்ததும் இந்தப் பக்கம் வரச்சொல்லு.”