மூடிக்குக் கீழே

புரோட்டா மாவில் சுண்டைக்காய் அளவு கிள்ளி உருட்டி, பெட்டிக்குள் நிற்கும் பாகங்களிலேயே உயரமானதன் தலையில் வைக்கிறார் ஜெஸ்லின். மூடியை அழுத்திப் பொருத்துகிறார். திறந்து பார்க்கிறார். மாவு அப்பளமாக நசுங்கியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார். கொஞ்சமாவது கனம் மிச்சமிருந்தால், "நெட்டையன் முட்ட மாட்டான்" என்று சொல்லி மாவை ஜன்னல் விளிம்பில் காக்கைக்கு வைத்துவிடுவார். மாவு கணவர் கிறிஸ்துதாஸ் கொண்டுவருவது. அவர் கீழே ஓட்டலில் புரோட்டா மாஸ்டர்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கிட்டார் வாசிப்பவர்கள் காலால் மிதிக்கும் பெடல்களை இங்கேதான் செய்கிறார். ஒன்றை மிதித்தால் கம்பியின் ஒலி கரகரக்கும். இன்னொன்றை மிதித்தால் குகைக்குள் வாசிப்பதுபோல எதிரொலிக்கும். கையகல அலுமினியப் பெட்டிக்குள் போர்டு, குமிழ்கள், சுவிட்ச், ஒயர் செருகும் ஜாக்குகள் எல்லாம் அடங்கிவிடும். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் மட்டும் இரண்டு கம்பிக் காலில் நெட்டையாக நின்று மூடியை இடிக்கும். "நிக்கதுக்கு எடம் இல்லேன்னா படுக்க வைக்கணும், பாத்துக்கோ" என்பார்.

ஊர் மார்த்தாண்டம். டி.வி. போர்டு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அது மூடிய பிறகு, சர்ச் பாடகர் குழுப் பையன்கள் ஒரு பெடலைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். அப்படித் தொடங்கியது. கிட்டாரில் அவருக்கு ஒரே ஒரு கார்டு, ஒரே ஒரு சுரக்கூட்டுதான் தெரியும். பக்கத்து ரயில் நிலையத்தின் அறிவிப்பு ஓயும்வரை காத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு அதை ஒருமுறை மீட்டுவார். எல்லாப் பெடலுக்கும் அதே சோதனை.

என் பழைய ஸ்பீக்கரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆஷா வந்தாள். ஸ்ரீவராகத்துப் பெண். கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் வேலை, ஆபீஸ் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். பையிலிருந்து அவள் எடுத்தது உடைந்துபோன ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். உள்ளே ஒயர்கள் பிதுங்கின. அவள் அண்ணன் சுமந்த் காலேஜில் படித்தபோது செய்த பெடல். சுமந்த் எலிக்காய்ச்சலில் போய்விட்டான். போன வாரம் மேடையில் இவள் மிதித்த மிதியில் டப்பா உடைந்திருக்கிறது.

"இதை அப்படியே சின்ன மெட்டல் பெட்டியிலே மாத்தித் தரணும் சேச்சி. பெரிசுன்னா என் கிட்டார் பையிலே கொள்ளாது."

"செய்யலாம் மோளே. இந்த நெட்டையன மட்டும் மாத்தணும். இப்போ குட்டையா கிட்டும். சவுண்டு ஒண்ணும் மாறாது."

"தெரியும். ஆனா அவன் வெச்சதே இருக்கட்டுமே."

ஜெஸ்லின் அவள் முகத்தைப் பார்த்தார். "செரி. நாளைக்கு வா."

மறுநாள் பிற்பகல் ஸ்பீக்கரை வாங்கப் போனேன். இரண்டு ஜாக்குகளுக்கும் நடுவில் அந்தக் கெபாசிட்டர் மல்லாந்து படுப்பதற்கு இடம் கண்டுபிடித்திருந்தார். இடுக்கியால் அதன் காலை மெல்ல மடக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். கால் அடியோடு ஒடிந்துவிட்டது. ஈயம் வைத்துப் பற்றவைக்கத் துளிக் கம்பிகூட மிச்சமில்லை.

"எனக்க ஏசுவே" என்றார். இடுக்கியைக் கீழே வைத்தார்.

புதுக் கெபாசிட்டர் மேஜையிலேயே இருந்தது. "இதைப் போட்டு மூடிவிடுங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன். அவர் போனை எடுத்து ஆஷாவை அழைத்தார்.

"மோளே, அண்ணன் வச்சது எனக்க கையில ஒடிஞ்சு போச்சு. இனி அது ஓடாது. ஏசணும்னா ஏசு."

மறுமுனையில் சாலை இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவே ஆஷாவின் குரல்: "பரவாயில்லே சேச்சி. புதுசே போட்டுடுங்கோ."

ஜெஸ்லின் புதியதை வைத்துப் பற்றவைத்தார். ஆனால் ஒடிந்ததைத் தூக்கிப் போடவில்லை. அதன் இன்னொரு காலையும் வெட்டிவிட்டு, உடம்பெல்லாம் கறுப்பு டேப் சுற்றி, ஜாக்குகளின் நடுவிலேயே படுக்க வைத்தார். இப்போது புதியது அதை இடித்தது. புதியதைப் பிரித்தெடுத்துப் போர்டின் மறுமூலைக்குக் கொண்டுபோனார். அங்கே சுவிட்ச் இடித்தது. போர்டைக் கழற்றினார். ஜாக்கின் பிளாஸ்டிக் விளிம்பை அரத்தால் ராவினார். மறுபடி முதலிலிருந்து.

"வேலை செய்யாத ஒன்றுக்காகவா இத்தனை பாடு?" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்க முகத்தப் பாத்துட்டு, இதுக்கு எடம் இல்லேன்னு எப்படிச் சொல்லுகது?"

சாயங்காலம் ஆஷா நேராக ஆபீஸிலிருந்து வந்தாள். ஜெஸ்லின் திறந்த பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். கறுப்பு டேப் சுற்றியதைக் காட்டி, "இதுக்குக் கரண்டு வராது, கேட்டியா. சும்மா கெடக்கும்" என்றார். ஆஷா அதை விரல் நுனியால் தொட்டாள். கையை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

கிட்டாரைச் செருகி வாசித்துப் பார்த்தாள். கொஞ்சம் வாசித்ததும் நிறுத்தி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதே கரகரப்பு சேச்சி" என்றாள்.

ஜெஸ்லின் மூடியைப் பொருத்தி ஒவ்வொரு திருகாக முறுக்கினார். கடைசித் திருகை ஆஷாவின் உள்ளங்கையில் வைத்து, ஸ்குரு டிரைவரின் பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார். பிறகு பெட்டி அசையாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.